நல்ல செல்லுக்கும் ஒரு ஸ்லைடு

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் நடமாடுகிறோம், அதையே நலம் என்று வைத்துக்கொள். நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன், நம்ப ஆதாரம் ஒன்றும் கையில் இல்லை. அப்பாவுக்கு முழங்கால் வலி குறைந்து வாய் கூடியிருக்கிறது. நான் வேலை பார்க்கிற ஆராய்ச்சி லேபில் லிஃப்ட் நின்று மூன்று வாரம், ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நான்கு மாடி ஏறுகிறேன். போனில் சொன்னால் நீ குறுக்கே பேசுவாய், அதனால்தான் எழுதுகிறேன். நீ இதே லேபில் இருந்தபோது சிறுநீரகச் செல்லைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினாயே, காயம்பட்ட செல்லில் மட்டும் ஆன்டிபாடி என்கிற ஒரு புரதம் ஒட்டி ஒளிரும் என்று, உன்னை அங்கே வேலையில் கொண்டுபோய் உட்காரவைத்த கட்டுரை. புதிதாகச் சேர்ந்த பெண் அதையே திரும்பச் செய்கிறாள். பழக்கத்தில் நான், ஒப்பிட்டுப் பார்க்க, காயமில்லாத செல்லுக்கும் ஒரு கண்ணாடி ஸ்லைடு போட்டேன். அதுவும் ஒளிர்ந்தது. உன் சித்தப்பா மாதிரி, பார்க்கிறவரிடமெல்லாம் "நாம சொந்தக்காரங்கதானே" என்று ஒட்டிக்கொள்கிற ஆன்டிபாடி. புது பாட்டில் திறந்தேன், ரீஏஜென்ட் கரைசல் எல்லாம் புதிதாகக் கலந்தேன், மூன்று தடவை. என் கை தவறியிருக்கக் கூடாதா என்று முப்பது வருஷத்தில் முதல்முறையாக ஆசைப்பட்டேன். தவறவில்லை.

பழைய நோட்டைப் புரட்டினேன். அன்று நீ, "நேரமில்லம்மா, காயம்பட்டத மட்டும் போடு, நல்லா இருக்கறதுல என்னத்தப் பாக்கப்போற" என்றாய். இரண்டு நாள் தூங்காத முகம் உனக்கு. வேறு யார் கேட்டிருந்தாலும் வெளியே அனுப்பியிருப்பேன், உனக்காக அந்த ஸ்லைடைப் போடாமல் விட்டுவிட்டேன். அந்தப் பக்கத்தில் சரிபார்த்ததாக இருப்பது என் கையெழுத்து. இப்போது அந்தப் பெண், கட்டுரையில் உள்ளபடி வரவில்லையே என்று, "எனக்குத்தான் கை சரியில்ல மேடம்" என்று சொல்லிவிட்டுக் கழிப்பறையில் அழுது, முகம் கழுவிக்கொண்டு வருகிறாள். அவளுடைய கையில் குறை இல்லை என்று நாம்தான் சொல்ல வேண்டும். வெளியூர் போயிருக்கும் நம் லேப் பேராசிரியர் மாதக் கடைசியில் திரும்புகிறார். அதற்குள் நீயே அவருக்கு எழுதிவிடு. எழுதாவிட்டால் ஸ்லைடுகளையும் நோட்டையும் நான் அவர் மேஜையில் வைத்துவிடுவேன். உன் வேலை போகலாம், என்னையும் வீட்டுக்குப் போகச் சொல்லலாம். அப்படியானால் இங்கே வந்துவிடு, அப்பா அடுக்கியிருக்கும் பழைய செய்தித்தாள்களை நகர்த்தினால் உன் கட்டில் தெரியும்.

நிறைய ஆயுசோடு இரு, படுத்தால் தூக்கம் வரும்படி இரு. தண்ணீர் குடி. அங்கே எதைச் சோதித்தாலும் நல்ல செல்லுக்கும் ஒரு ஸ்லைடு போடு, யார் வேண்டாமென்றாலும் கேட்காதே, பெற்ற பிள்ளையே சொன்னாலும்.

இப்படிக்கு,
அன்று அந்த ஸ்லைடைப் போடாத
உன் அம்மா