கடலில் ஒரு கறுப்புத் திட்டு

ஹாம்பர்க், 14.3.2009

அன்புள்ள அப்பாவுக்கு,

வினிஷா எழுதுகிறேன். மாதா துணையால் சுகம். உங்கள் முட்டுவலி எப்படி இருக்கிறது?

குளச்சல் கடலில் அன்று காற்று இருந்ததா என்று போனில் கேட்டேனே, காரணம் இதுதான். செயற்கைக்கோள் எடுத்த ரேடார் படத்தில் அங்கே ஒரு கறுப்புத் திட்டு. கடலில் எண்ணெய் பரவினாலும் கறுப்பாகத் தெரியும், காற்று விழுந்தாலும் அப்படித்தான். வள்ளத்தில் கால்வைக்காத எங்கள் ஆய்வுக்கூடத் தலைவர், மகாமேதை, "காற்றில்லை" என்று எழுதிவிட்டார். அப்படியென்றால் அது எண்ணெயே இல்லை என்றாகிவிடும், கொட்டிய கப்பலை யாரும் தேடமாட்டார்கள்.

"நல்ல காத்து மக்கா, வலையெல்லாம் ஆயிலு நாத்தமாக்கும்" என்று நீங்கள் சொன்னதைச் சொன்னேன். மீனவர் பேச்சு ஆதாரமாகாது என்று சிரித்தார். அன்றைய காற்றின் அளவைத் தேடியெடுத்து அவர் மேசையில் வைத்தேன். மறுநாள் கூட்டத்தில், தானே கண்டுபிடித்ததுபோல் வெட்கமில்லாமல் அதை வாசித்தார். கைதட்டல் வேறு!

நான் எழுந்து, "முதலில் சொன்னவர் என் அப்பா சூசைமரியான். பெயரை எழுதுங்கள்" என்றேன். அவர் முகம் செத்த மீனாக வெளுத்தது. அறிக்கையில் உங்கள் பெயர் இருக்கிறது, எழுத்துப்பிழையோடு. அந்த அறிவுக்கு அவ்வளவுதான் முடியும். கப்பலைத் தேடுகிறார்கள்.

நெத்திலிக் கருவாடு கொஞ்சம் அனுப்புங்கள். ஞாயிற்றுக்கிழமை நான் கூப்பிட்டால் உடனே வைத்துவிடாதீர்கள். பேச ஒன்றுமில்லாவிட்டாலும் போனைக் காதிலேயே வைத்திருங்கள்.

பஸ் வருகிறது, முடிக்கிறேன்.

உங்கள் மகள்,
வினிஷா