கொம்பு முளைத்த அரச குஞ்சுகள்

மழை பொய்யாதிருக்க, புல் முழங்கால் மட்டும் வளர்க. ஏழ்புலம் ஆளும் வேந்தர், எவரும் மறுத்துரையாமையால் என்றும் பிழையாத பெருந்தகை தித்தவர்மர் திருவாணையால், தலைமை அமைச்சன் மாறங்காரி விடுக்கும் ஓலை. பகைவர் எவரும் எட்டிப் பாராத மேற்புல்வெளி எல்லையை இமைகொட்டாது காக்கும் தளபதி வல்லரையர் கண்டு தெளிக. உம் கோட்டையும் குதிரைகளும் நலமாகுக. இங்கு யாவரும் நலம்; தெளிவாக இருப்பார்தாம் எவருமில்லை.

சென்ற கார்காலத்து அந்தியில், மலர்முன் அசையாது நின்று பறந்தபடியே தேனுண்ணும் புதிய சிறுபறவையைக் கண்டதாக எழுதினீர். வேந்தர் மகிழ்ந்து அதற்கு 'அந்திராயன்' எனப் பட்டம் கட்டினார். அதையோ அதன் குஞ்சையோ கொன்றவர்க்குத் தலை தங்காது என்றும் சாசனம் பொறித்தார். பின்பு நீர் பிடித்தனுப்பியதைக் கூண்டில் கண்டால், கால் ஆறு. அலகையோ பாய்போல் சுருட்டி வைத்துக்கொள்கிறது. பருத்த விட்டிற்பூச்சி என்பது மடைப்பள்ளி வரை தெரிந்துபோயிற்று. ஆயினும் வேந்தர் வாயால் பறவை எனப்பட்டது இந்நாட்டில் பறவையே, அதன் காலை எண்ணுவது இராசத்துரோகம் எனப் புலவர் பெருமக்கள் தீர்ப்புரைத்தனர். யாமும் எண்ணுவதை விட்டோம்.

இப்போது உமது இரண்டாம் ஓலை. இரைக்கெனப் பிடித்ததில் பானையில் மிஞ்சிக் கிடந்த, வாலில் கொம்புடைய பச்சைப் புழுக்கள் மண்ணுள் புதைந்து அந்திராயர்களாய் எழுந்தனவாம். ஆகவே புழுவே குஞ்சாம். தன் கொடியைத் தின்ற புழுக்களைப் பிடுங்கி மிதித்த ஆயன் தாயனைச் சிறையிட்டுத் தலைகொய்ய ஆணை கேட்கிறீர்.

அவன் மனைவி சேந்தி அவைக்கே வந்துவிட்டாள். “சாமி, புழு எப்போ ராசா வீட்டுப் பிள்ளையாச்சு? எங்க கொடியைத் தின்னப்போ ஒருத்தரும் சொல்லலியே!” என்றாள். வாயில்காவலர் தடுக்கவும், “இருய்யா, முடிக்கலை. தளபதி ஆளுங்க கூடை கூடையாப் பொறுக்கிட்டுப் போய், அரைச்சுக் கூண்டுப் பறவைக்கு ஊட்டினாங்களே, அதுக்கு யாரு தலை?” என்றும் கேட்டாள்.

வேந்தர் என்னை நோக்கினார். யான் புலவரை நோக்கினேன். புலவர் விதானத்தை நோக்கினார். புழு குஞ்சென்றால் நீர் குலத்தையே அரைத்தவர். புழு வெறும் புழுவென்றால் அந்திராயன் எங்கிருந்து வந்தான்?

ஆதலால் ஆணை: ஓலை கண்ட கணமே தாயனை விடுவித்து, நீர் பறித்த அவன் ஆடுகளையும் ஒப்புவிக்க. புழு குஞ்சேயென்று இன்னமும் துணிவீராயின், அவனுடன் நீரும் தலைநகர் வருக. புறப்படுமுன் மனைமக்களிடம் நன்றாக விடைபெற்று வருக.

இது வேந்தர் முன் இலச்சினை இட்டது. புதிய இலச்சினையில் அந்திராயனுக்கு இரண்டே கால்.