முன் சக்கரத்தில் இரண்டு சொட்டு

ஜூன் 3, செவ்வாய்

பைக்கின் முன் பிரேக் கத்த ஆரம்பித்துவிட்டது. நான் வீட்டுக்கு வருவது தெரு முழுக்கத் தெரிகிறது. இருபத்தேழு வருடமாக நூலகத்தில் "உஷ்" சொல்லியே சம்பளம் வாங்குகிறவன் நான். என் வண்டியே என் மானத்தை வாங்குகிறது.

வீட்டில் கதவு, மின்விசிறி, தையல் மெஷின் எதுவும் முனகாது. முனகினால் என் எண்ணெய் டப்பா போய் நிற்கும். நீள மூக்கு வைத்த சின்ன டப்பா, எப்போதும் என் சட்டைப் பையில் இருக்கும். மனைவி அதற்கு "சின்ன வீடு" என்று பேர் வைத்திருக்கிறாள்.

ஜூன் 6, வெள்ளி

பன்னிரண்டாம் தேதி மனைவிக்கு லைசென்ஸ் டெஸ்ட். நாற்பத்தாறு வயதில் பைக் பழகுகிறாள். ஜூலை ஒன்றிலிருந்து ஆஸ்பத்திரி ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் காலை ஆறு மணி ஷிஃப்ட், அந்த நேரத்துக்கு பஸ் இல்லை. நானே கொண்டுபோய் விடுகிறேன் என்றேன்.

"நீங்க எந்திரிச்சு கிளம்பறதுக்குள்ள எடுத்த ரத்தமெல்லாம் உறைஞ்சிடும். வாழ்க்கையில ஒரு தடவையாவது நானா கிளம்பி, நானா போய் இறங்கணும்ங்க" என்றாள்.

சரி, தாயே.

இரண்டு தெரு தள்ளி இருக்கும் மெக்கானிக், "பிரேக் பேடு தேஞ்சு போச்சு சார், மாத்திடுங்க" என்றார். பிடிக்கத்தானே செய்கிறது, டெஸ்ட் முடியட்டும் என்று வந்துவிட்டேன்.

ஜூன் 12, வியாழன்

எழுதவே கை வரவில்லை.

மைதானத்தில் வரிசை. இவள் வண்டியை ஒருமுறை ஓட்டிப் பார்த்து நிறுத்தினாள். கீ...ச்! வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். இவள் முகம் சிவந்துவிட்டது. பதிவேட்டில் கையெழுத்துப் போட அவள் போன நேரத்தில் நான் குனிந்து முன் சக்கரத்தின் டிஸ்க்கில் இரண்டு சொட்டு விட்டேன். சக்கரத்தை ஒரு சுற்றுச் சுற்றினேன். சத்தம் கப்சிப். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

எட்டு போட்டாள், அழகாக. மேட்டில் ஏறினாள். கடைசியில் வெள்ளைக் கோட்டில் நிறுத்த வேண்டும். பிரேக்கைப் பிடிக்கிறாள், வண்டி சத்தமே இல்லாமல் போய்க்கொண்டே இருக்கிறது. கோட்டைத் தாண்டி, பிளாஸ்டிக் கூம்பைச் சாய்த்து, டெஸ்ட் எடுத்த ஆய்வாளரின் ஷூவுக்கு ஒரு சாண் தள்ளி நின்றது.

"அடுத்த முறை பாருங்க" என்றார் அவர்.

திரும்பும்போது நான் ஓட்டினேன். மைதானத்து கேட்டில் முன் பிரேக்கைப் பிடித்தேன். வழுக்கியது. பின் பிரேக்கிலேயே உருட்டிக்கொண்டு வந்து சேர்ந்தேன். நான் விட்ட எண்ணெய்! அவளுக்கு ஏதாவது ஆகியிருந்தா? கடவுளே, அப்படி ஒரு புத்தி எனக்கு எங்கிருந்துடா வந்துச்சு?

ஜூன் 13, வெள்ளி

சொல்லவில்லை.

ஜூன் 15, ஞாயிறு

இன்றும் சொல்லவில்லை. வண்டிச் சாவியை மட்டும் ஒளித்து வைத்திருக்கிறேன். அதற்குத் தேவையே இல்லை, அவள் வண்டிப் பக்கமே போகவில்லை.

சாப்பிடும்போது சொன்னாள்: "எனக்குக் கை வரலைங்க. கோடு கண்ணு முன்னாடி இருக்கு, நிறுத்தத் தெரியல. விட்டுடலாம். நீங்களே கொண்டுபோய் விடுங்க."

நான் கேட்டதுதானே இது? சோறு ஏன் இறங்கவில்லை?

ஜூன் 16, திங்கள்

மெக்கானிக் பேடைக் கழற்றி விரலால் தடவிப் பார்த்தார். "எந்தப் புண்ணியவான் சார் இதுல எண்ணெய் விட்டது?"

தெரியலையே என்றேன். என் பையிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த டப்பாவின் மூக்கைப் பார்த்தார். டிஸ்க்கைச் சுத்தம் செய்து புதுப் பேடு போட்டார். "காலை ஈரத்துல கொஞ்சம் கத்தும். கத்தட்டும், கை வைக்காதீங்க."

பழைய பேடுகளைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேஜையில் வைத்து, எல்லாவற்றையும் சொன்னேன். கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை.

"நாலு நாளா என்னையே நான் திட்டிட்டு இருந்தேன். நீங்க பாத்துட்டு இருந்தீங்க."

அவ்வளவுதான் சொன்னாள். நாலு அறை விட்டிருக்கலாம்.

ஜூன் 17, செவ்வாய்

"அடுத்த டெஸ்ட்டுக்குத் தேதி வாங்கிட்டேன். நீங்க வர வேண்டாம்." இன்று என்னோடு பேசியது இது மட்டும்.

ஜூன் 26, வியாழன்

கூட வேலை பார்க்கும் பெண்ணைத் துணைக்கு அழைத்துக்கொண்டு போனாள். நான் நூலகத்தில் இருந்தேன். பதினொன்றரைக்கு என் போன் அலறியது, சத்தத்தைக் குறைக்க மறந்திருக்கிறேன். வாசித்துக்கொண்டிருந்த அத்தனை பேரும் என்னைப் பார்த்து "உஷ்" என்றார்கள்.

"கோட்டு மேலயே நின்னுதுங்க!" என்றாள். பழைய குரல். டெஸ்ட் பாஸ்!

ஜூலை 2, புதன்

நேற்று நான் எழுந்திருப்பதற்குள் போய்விட்டாள். இன்று வாசலில் நின்று வழியனுப்பினேன். ஐந்தரை மணி, தெருவெல்லாம் ஈரம். ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் போனாள். முனையில் திரும்பும்போது பிரேக் பிடித்தாள். கீ...ச்!

கை தானாகச் சட்டைப் பைக்குள் போனது. டப்பாவை எடுத்தால் அதில் ஒரு காகிதம் ஒட்டியிருக்கிறது, ரத்தக் குப்பிகளில் ஒட்டுகிற காகிதம். அவளுடைய குண்டுக் குண்டு எழுத்து: "கதவுக்கு மட்டும்."

திரும்பப் பையில் வைத்துவிட்டேன்.