தாய்மாமன் மடி

ஐப்பசி 14, வியாழன்

மூத்தவள் செல்வியின் குழந்தைக்கு ஞாயிற்றுக்கிழமை காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும் என்று கோம்பையில் சம்பந்தியம்மா ஒரே பிடியாக நிற்கிறார். மாமனுக்கு நான் எங்கே போவேன்? பையன் என்று வளர்த்த பிள்ளை யாழினியாகி மூன்று வருடம் ஆகிறது. எனக்கு இப்போது இரண்டும் பெண்கள்.

இதைச் சம்பந்தியம்மாவிடம் சொல்லத் துப்பில்லாமல், சாயங்காலம் திருப்பூரில் இருக்கும் யாழினிக்குப் போன் போட்டேன்.

"ஒரே ஒரு நாளு வேட்டி சட்டையில வந்துட்டுப் போயிரு ஆத்தா. அவுக கேக்குறாக."

ஆத்தா என்று கூப்பிட்ட வாயால்தான் இதையும் கேட்டேன்.

அவள் கோபப்படவில்லை. "முடிய வெட்டணுமாம்மா? இல்ல, சுருட்டித் தலப்பா கட்டிக்கிட்டாப் போதுமா?" என்றாள். அதோடு வைத்துவிட்டாள். பிறகு நான் போட்டும் எடுக்கவே இல்லை.

அலுப்பாக இருக்கிறது. ஆனாலும் காலையில் முதல் பஸ்ஸில் கோம்பைக்குப் போய், குழந்தை சித்தி மடியில் உட்காரும் என்று சொல்லிவிட வேண்டும். அவர்கள் என்ன பேசுவார்களோ.

"முடியில கை வைக்காத ஆத்தா" என்று வாட்ஸப்பில் அனுப்பியிருக்கிறேன். இன்னும் ஒற்றை டிக்தான்.