கண்ணாடி அறைக்குப் போகும் தொலைபேசி

என் கண்ணுக்கு,

அம்மா எழுதுகிறேன். அப்பா, தம்பி, நான் மூவரும் இங்கே சுகம். நீயும் சுகமாக இருப்பாய் என்று எழுதத்தான் ஆசை, ஆனால் சாப்பிடாமல், வகுப்புக்கும் போகாமல் சுவரைப் பார்த்தே படுத்திருக்கிறாய் என்று உன் அறைத்தோழி சொன்ன பிறகு எப்படி எழுதுவேன். அவள்மேல் கோபப்படாதே, நான்தான் துருவித் துருவிக் கேட்டேன். போனில் என்றால் எதைச் சொன்னாலும் சரிம்மா, வைக்கட்டுமா என்பாய், அதனால்தான் கடிதம். இதை நடுவில் வெட்ட முடியாது பார்.

உன் கப்பல் இன்ஜினியரிங் படிப்பில் அந்த சிமுலேட்டர் தேர்வில் நீ தேறவில்லை என்றதும் எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. உன் தம்பியோ, அக்கா கவுத்தது கம்ப்யூட்டர் கப்பலத்தானே, ஒரு மீனுக்குக்கூட அடிபடலையே என்கிறான். அதட்டினேன், ஆனாலும் சிரிப்பு வந்துவிட்டது. அப்பா, காலையில் துடைத்த ஸ்கூட்டரை மறுபடி போய்த் துடைத்தார். அவர் கவலை அப்படித்தான் வெளியே வரும், உனக்குத் தெரியாததா. அசல் கப்பலின் இன்ஜின் ரூம் போலவே அமைத்த அறையாம், பொறுப்பில் நீ மட்டும் தனியாக நின்றாயாம், இன்ஜினுக்குப் போகும் எண்ணெயின் அழுத்தம் இறங்கி அலாரம் அலறியதாம். மாற்று பம்ப்பை ஓடவிட்டாய், ஃபில்டரையும் பார்த்தாய். சீஃப் இன்ஜினியரைக் கூப்பிட வைத்திருந்த தொலைபேசியை மட்டும் தொடவில்லை. எடுத்தால் கண்ணாடி அறையில் உட்கார்ந்து மதிப்பெண் போடுகிற சார்தானே சீஃப் மாதிரி பேசுவார், பரீட்சை வைக்கிறவர்கிட்டயே விடை கேட்டா அது காப்பி அடிக்கிற மாதிரிதானே என்று விட்டுவிட்டாயாம். நீ தனியாகத் தடுமாறிக்கொண்டிருக்கும்போதே இன்ஜின் தானாக நின்றுவிட்டது. சீஃபுக்குச் சொல்லவில்லை என்பதற்காகவே உன்னைத் தேறவிடவில்லை என்று தோழி சொன்னபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. பக்கத்துப் பெண்ணின் விடைத்தாள் காற்றில் பறந்து காலடியில் விழுந்தால்கூடக் கண்ணை மூடிக்கொள்கிறவளாயிற்றே நீ. அந்த நேர்மையே உன் காலை வாரிவிட்டதே.

திங்கட்கிழமை மறுதேர்வுக்குப் போகமாட்டேன், படிப்பையே விட்டுவிட்டு வந்துவிடுவேன் என்கிறாயாம். உண்மையைச் சொல்லட்டுமா, அதைக் கேட்டதும் என் மனசில் ஒரு மூலையில் அப்பாடா என்றிருந்தது. கடல் என்றாலே எனக்குப் பயம். அதனால்தான் நான் படித்த பௌதிகத்தை எல்லாம் திரட்டி, போனில் தேடித் தேடி, அந்த அழுத்தம் இறங்கினால் என்ன ஆகும் என்று படித்தேன். பாதிதான் புரிந்தது. ஆனால் ஒன்று நன்றாகப் புரிந்தது கண்ணு. நீ இன்ஜின் தெரியாமல் தோற்கவில்லை. அப்படித் தோற்றிருந்தால் நானே பெட்டியைக் கட்டிக்கொண்டு வா என்றிருப்பேன். கப்பலில் சீஃபைக் கூப்பிடுவது காப்பி இல்லை, அதுவும் உன் வேலைதான். நடுக்கடலில் அத்தனை பேர் தூங்கும்போது, கேட்டால் தப்போ, திட்டுவார்களோ என்று போனை எடுக்காமல் தனியாக நிற்கிற பெண்ணை நினைத்தால்தான் எனக்குத் தூக்கம் போகிறது. எடுக்கிற பெண்ணை அனுப்பிவிட்டு நான் நிம்மதியாகத் தூங்குவேன். அந்தச் சாரும் அதைத்தான் பார்க்கிறார் போலிருக்கிறது.

அதனால் திங்கட்கிழமை போய் நில். அலாரம் அடித்தால் கண்ணாடிப் பக்கம் திரும்பாதே, போனை எடுத்து, சீஃப், பிரஷர் எறங்குது, நீங்க வரணும் என்று சொல். பழகிப் பார்க்க வேண்டுமென்றால் தம்பி சீஃபாக நடிக்கத் தயார், திட்டிக்கிட்டேதான் எடுப்பேன், பரவால்லயான்னு கேளு என்கிறான். அதற்குப் பிறகும் தேறாவிட்டால் வீட்டுக்கு வா, அப்பா வண்டியோடு வந்து நிற்பார், ஏன் என்று ஒருவரும் கேட்கமாட்டோம்.

உன் கை தொட்ட இயந்திரமெல்லாம் உன் சொல் கேட்கட்டும், நீ நூறாண்டு நன்றாக இரு. முதலில் எழுந்து முகம் கழுவி ஏதாவது சாப்பிடு, தோழிக்கு ஒரு நன்றி சொல்.

திங்கட்கிழமை வரை போனைக் கையிலேயே வைத்திருக்கப்போகும்,
உன் அம்மா