ஜெசிந்தாவுக்குப் போன எலுமிச்சை அழகி

ஐப்பசி, ஞாயிறு. சங்ககிரி.

காலையிலிருந்து தூறல். துணி காயவில்லை. எலுமிச்சைச் செடியில் எலுமிச்சை அழகியின் கூட்டுப்புழு கறுத்துவிட்டது. உள்ளே இறக்கையின் மஞ்சள் புள்ளிகூடத் தெரிகிறது. நாளை பட்டாம்பூச்சி வெளியே வந்துவிடும்.

இதை அப்படியே ஜெ.வுக்கு அனுப்பப் போகிறேன். சேலம் அம்மாபேட்டை ஜெசிந்தா. இத்தனை வருஷமாக நாங்கள் தீப்பெட்டியில் பஞ்சு வைத்து அனுப்பிக்கொண்டது பூச்சி விட்டுப்போன வெறுங்கூடும் உதிர்ந்த இறக்கையும்தான், கூடவே ஒரு கடுதாசி. உயிருள்ளதைத் தொடுவதில்லை என்பது எங்கள் சட்டம். ஆனால் மாடிப்படியில் விழுந்து கால் உடைந்ததிலிருந்து அவளிடமிருந்து ஒரு வரி இல்லை. எலும்பு கூடிவிட்டது, நடக்கலாம் என்று டாக்டர் சொல்லியும் கட்டிலை விட்டு இறங்க மாட்டேன் என்கிறாளாம். அவள் வீட்டுக்காரர் அந்தோணி அண்ணன் போனில் அழாத குறை. "இப்படியே படுத்துருவாளோன்னு பயமா இருக்கும்மா."

சட்டமாவது கிட்டமாவது.

திங்கள்

விடியும்போதே நம் லாரி சேலம் கிளம்பியது. கூட்டுப்புழுவை வைத்த ஸ்வீட் டப்பாவை டிரைவர் செங்கோடனிடம் கொடுத்தேன். வேறு லோடு கிடைக்கவில்லையா என்று இவர் கிண்டல்.

வாங்க வேண்டியது: ரவை, பினாயில், இவருக்கு பிளேடு.

பல் துலக்கும்போதுதான் உறைத்தது. அட முண்டமே! வெறுங்கூட்டுக்கு அடைப்பதுபோலவே டப்பா நிறையப் பஞ்சு அடைத்திருக்கிறேன். வெளியே வரும் பூச்சி தொற்றித் தொங்கினால்தானே ஈர இறக்கை விரியும். ஒரு குச்சி வைக்கவில்லை. கை அதன் பழக்கத்துக்குச் செய்துவிட்டது. செங்கோடனுக்கு போன் மேல் போன். வண்டி ஓட்டும்போது எடுக்க மாட்டான்.

இறங்கியதும் அவனே கூப்பிட்டான். "ஏனுங்க அக்கா, பூச்சி வழியிலயே வந்துருச்சுங்க. ஒரு பக்கத்து றெக்கை சுருட்டிக்கிச்சு, விரியவே மாட்டேங்குதுங்க. அந்தம்மா கையில குடுத்துட்டனுங்க."

இனி அது பறக்காது. படுத்திருப்பவளுக்கு அனுப்ப வேறு எதுவும் கிடைக்கவில்லையா எனக்கு?

புதன்

வெயில். போர்வை துவைத்தேன். ஜெ.வை போனில் கூப்பிடக் கை வரவில்லை.

வெள்ளி

தபால். ஜெ.வின் கோணல் கையெழுத்து! முதல் பக்கம் முழுக்கத் திட்டு. பஞ்சு அடைக்க அது என்ன தலகாணியா, உனக்கெல்லாம் எவன் செடி வளர்க்கச் சொன்னான், இன்ன பிற. அடுத்த பக்கம்:

"அது மேசை மேல உக்காந்து என்னையே பாத்துச்சு. இவரு கடைக்குப் போயிட்டாரு. பசியில சாவட்டும்னு விட முடியுமா? சர்க்கரைத் தண்ணி கரைக்க நானே எறங்கி அடுப்படிக்குப் போனேன்டி. செவுத்தப் புடிச்சுக்கிட்டுதான் போனேன். இப்ப ஒரு நாளைக்கு மூணு வேளை போறேன், அதுக்குப் பசிக்குதே."

நின்றபடியே திரும்பத் திரும்பப் படித்தேன். பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிகிறது என்று இவர் கத்துகிறார். வழியட்டும்.