சீவாமல் விட்ட எண்

ஹாமில்ட்டன், ஒஹாயோ
14 ஜூன் 2009

டெல்பர்ட்டுக்கு ஆர்லீனா எழுதுவது.

நம் பேத்தி டிரெஸ்ஸா நர்ஸ் படிப்பை முடித்துவிட்டாள். அவள் மேடையேறும்போது பேர் வாசித்தவரே கை தட்டினார், என் கண்ணால் பார்த்தேன். பேரன் கெண்டலுக்கு வெல்டிங்கில் மாவட்டத்திலேயே முதல் பரிசு. அவன் பற்றவைத்த இடத்தைப் பார்த்தால் தையல் போட்டது போல இருக்கும். கடைக்குட்டி மார்லிக்கு ஒன்பது வயது. போன வருஷக் கண்காட்சியில் அவள் வளர்த்த முயல் நீல ரிப்பன் வாங்கியது. மூன்று பேரும் நம் ராய்ஸ் பெற்றதுகள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள், நீ எட்டைத் தாண்டாதவன். இதுகளுக்கு மட்டும் இவ்வளவு சமர்த்து எங்கிருந்து வந்தது? பெருமை பீற்றுகிறாள் என்று நினைத்தால் நினைத்துக்கொள்.

ராய்ஸ் உன் முகவரியை வைத்திருக்கிறான், பேச்சுவார்த்தைதான் வைத்துக்கொள்வதில்லை. அவனுக்குத் தெரியாமல்தான் எழுதுகிறேன்.

விஷயம் நம் பச்சை கெஸ்ட்ரல் கார். கோர்ட்டில் நாம் பிரிந்தபோது நீதிபதி அதை எனக்குக் கொடுத்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் சர்ச்சுக்குப் போன நேரம் பார்த்து நீ வந்து சங்கிலி போட்டு இன்ஜினைத் தூக்கிக்கொண்டு போனாய். திரும்பி வந்து மூடியைத் திறந்தால் காருக்கு வயிறே இல்லை. "நானா, அந்த இன்ஜினா" என்று கேட்டவள் நான்தானே, பதில் கிடைத்துவிட்டது என்று விட்டுவிட்டேன். அதைக் கிளற இந்தக் கடிதம் இல்லை.

கொட்டகையில் கிடந்த அந்தக் காரைக் கெண்டல் இரண்டு வருஷமாகச் சீர்படுத்தினான். அதே மாதிரிப் பெரிய இன்ஜின் ஒன்றை எங்கிருந்தோ கொண்டுவந்து வைத்தான். பழைய கார்க் கண்காட்சிக்குக் கொண்டுபோனபோது அட்டையில் ஒளிக்காமல் எழுதினான்: "பிறக்கும்போதே பெரிய இன்ஜின். அசல் இப்போது கைவசம் இல்லை." பரிசுக்குத் தேர்வு செய்ய வந்த நடுவர் ஹேவர்காம்ப் என்று ஒருவர். குனிந்து பார்த்தார், நிமிர்ந்து சிரித்தார்.

"தம்பி, அந்த வருஷம் கெஸ்ட்ரல்ல பெரிய இன்ஜின ஃபாக்டரியில போட்டதே கெடையாது. கடைக்காரன் மாத்தி வித்திருப்பான். இல்லன்னா யாரோ உனக்குக் கத சொல்லியிருக்காங்க."

"எங்க பாட்டி சொன்னாங்க சார்."

"பாட்டிங்க எல்லாம் கத சொல்றவங்கதானப்பா."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நான் மடக்கு நாற்காலியில் பின்னாலேயே உட்கார்ந்திருந்தேன்.

நீ ஆர்டர் எழுதிக்கொடுத்ததும், கப்பல் வரக் காத்திருக்கிறவன் மாதிரி தினம் கடைக்குப் போய் நின்றதும், ஃபாக்டரி லாரியிலிருந்து அது உறுமிக்கொண்டே இறங்கியதும் எனக்குத் தெரியும். ஆனால் என் வாயைத் தவிர சாட்சி இல்லை. அந்தக் காரோடு இருக்கும் ஒரே போட்டோவில் நீ மூடிக்குள் தலையை விட்டுக்கொண்டிருக்கிறாய். இன்ஜினும் தெரியவில்லை, நீயும் தெரியவில்லை. உன் பின்புறம்தான் தெரிகிறது.

இன்ஜின் முகப்பில், மேலே, அது எந்தக் காருக்காக ஏற்றப்பட்டதோ அந்தக் காரின் எண்ணை ஃபாக்டரியிலேயே குத்தியிருப்பார்களாம். ரேஸ்காரர்கள் வேகம் கூடுவதற்காக அந்த மேல்பரப்பை மெஷினில் சீவுவார்களாம். சீவினால் எண்ணும் போய்விடுமாம். கெண்டல் சொன்னான். அது உன்னிடம் இன்னும் இருக்கிறதா? சீவிவிட்டாயா? அதை மட்டும் சொல்.

ஆர்லீனா

---

மன்சி, இண்டியானா
25 ஜூன்

லீனா,

கவரின் மேல் உன் கையெழுத்தைப் பார்த்ததும் யாரோ செத்துப்போய்விட்டார்கள் என்று நினைத்தேன். ஒருவரும் சாகவில்லை, சந்தோஷம்.

நல்லவேளை போன் போடவில்லை. ரேஸில் காது போய்விட்டது. உன் குரல் என்றாலும் கேட்காது, முன்பே கேட்டதில்லை என்று நீ சொல்வாய்.

முயலுக்கு நீல ரிப்பனா? நல்லது.

இன்ஜின் இருக்கிறது. அதை வைத்துப் பதினோரு வருஷம் ரேஸ் ஓட்டினேன். சீவாத ரேஸ்காரனை நீ எங்கே பார்த்தாய்? பையனை அதை விட்டுவிட்டு வேறு காரைப் பார்க்கச் சொல். அந்தப் பழைய கார்க் கிளப்காரர்கள் காரைப் பார்ப்பதில்லை, எண்ணைத்தான் பார்க்கிறார்கள்.

டெல்பர்ட்

---

ஹாமில்ட்டன்
3 ஜூலை

டெல்பர்ட்,

பதில் போட்டாயே, அதற்கே சந்தோஷம். சீவிவிட்டதைப் பற்றி உன்மேல் கோபமில்லை. உன்னுடையதாக நினைத்துத்தானே எடுத்துப்போனாய்.

ஆனால் ஒன்று சொல்லிவிடுகிறேன், மனதில் வைத்தால் செரிக்காது. கெண்டல் காரின்மேல் தார்ப்பாயைப் போட்டு மூடிவிட்டான். நேற்று பீன்ஸும் சோள ரொட்டியும் வைத்து அவனைச் சாப்பிடக் கூப்பிட்டேன். பாதித் தட்டில் நிறுத்திவிட்டுக் கேட்டான்:

"பாட்டி, கோவிச்சுக்காதீங்க. அந்தக் கார் அப்படியேதான் வந்துச்சுன்னு ஒங்களுக்கு நெசமாவே ஞாபகம் இருக்கா? ஒருவேள தாத்தா பின்னாடி மாத்தினத..."

"சாப்புடுடா," என்றேன்.

கத்திக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன். அவ்வளவு மெதுவாகக் கேட்டான். வயசாகிவிட்டவர்களிடம் கேட்பார்களே, அந்த மாதிரி. இந்தப் பிள்ளைகளுக்கு நான் சொன்ன எதுவும் இதுவரை பொய்யாகிப் போனதில்லை. இனிமேல் டிரெஸ்ஸா பிறந்த இரவு பெய்த பனியைப் பற்றிச் சொன்னாலும், ராய்ஸ் முதலில் பேசிய வார்த்தையைப் பற்றிச் சொன்னாலும், அவன் குரலில் அந்த மெதுவான தொனி வந்துவிடும்.

ரேஸில் ஓட்டினாயே, ஜெயித்தாயாவது? கோப்பை ஏதாவது வந்ததா? தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன். காதுக்கு டாக்டரிடம் காட்டு.

ஆர்லீனா

---

மன்சி
19 ஜூலை

லீனா,

கோப்பை ஒன்றும் பெரிதாக இல்லை. ஒரு சின்னது இருந்தது, அதில் திருகாணி போட்டு வைத்திருக்கிறேன்.

நான் எழுதியதைத் திரும்பப் படித்துப் பார். சீவினேன் என்று எழுதவில்லை. சீவாதவனை எங்கே பார்த்தாய் என்று கேட்டிருந்தேன். பார்த்திருக்கிறாய். அவனோடு பதின்மூன்று வருஷம் குடித்தனம் செய்திருக்கிறாய்.

தோற்ற ஒவ்வொரு சனிக்கிழமையும் கூட்டாளிகள் கரித்துக்கொட்டினார்கள். "டேய் டெல்பர்ட், மூஞ்சிய மட்டும் வழவழன்னு செரைக்கிற, இன்ஜின் பிளாக்க ஒருவாட்டி சீவக் கூடாதா? அரை நொடி மிச்சமாகும்டா!" ஒருமுறை மெஷின் கடைக்கே கொண்டுபோய் மேஜையில் ஏற்றிவிட்டேன். கடைக்காரன் கத்தியைப் பொருத்திக்கொண்டிருந்தான். எண்ணைப் பார்த்தேன். அது உன் கொட்டகையில் நிற்கும் காரின் எண். அதை அழித்துவிட்டால் இந்த இரும்பு எங்கே போய்ச் சேரவேண்டியது என்று யாருக்குத் தெரியும்? எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். கடைக்காரன் என்னைப் பைத்தியம் என்றான்.

முன்பே சொல்லியிருக்கலாம். எழுதினதைத் தபாலில் போட்ட அன்றைக்கே தோன்றியது. அந்தப் பையன் உன்னிடம் அப்படிக் கேட்டான் என்று படித்த பிறகு உட்கார முடியவில்லை.

இந்தக் கவருக்குள் இன்ஜினின் போட்டோ வைத்திருக்கிறேன். எண் தெரியச் சாக்குக்கட்டி தேய்த்திருக்கிறேன். பக்கத்து வீட்டு ஓட்டிஸ் அடுத்த வாரம் அந்தப் பக்கம் லாரி கொண்டுவருகிறான், இன்ஜினைக் கொடுத்தனுப்புகிறேன். பையனிடம் சொல்: அந்த இடத்தில் உப்புத்தாள் போடக் கூடாது, பெயின்ட் அடிக்கக் கூடாது, துணியால் துடைத்தால் போதும்.

நான் வரவில்லை. ராய்ஸ் கதவைச் சாத்தினால் அவன் பக்கம்தான் நியாயம்.

டெல்பர்ட்

---

ஹாமில்ட்டன்
30 ஆகஸ்ட்

அன்புள்ள டெல்பர்ட்,

அன்புள்ள என்று கை தானாக எழுதிவிட்டது, அடிக்கப்போவதில்லை.

உன் போட்டோ வந்ததும் கெண்டலைக் கூப்பிட்டேன். தார்ப்பாயை இழுத்துப் போட்டான். மார்லி காருக்குள் ஏறி, கண்ணாடி ஓரத்தில் இருக்கும் தகட்டிலிருந்து எண்ணைக் கத்தினாள். அவன் வெளியே நின்று போட்டோவைப் பார்த்து ஒவ்வொன்றுக்கும் "ஆமா" என்றான். கடைசி எண்ணுக்கு அவன் போட்டோவைக் கீழே வைத்துவிட்டான். "ஆமாவா இல்லையான்னு சொல்லுண்ணா!" என்று அவள் உள்ளேயிருந்து கூச்சல். அவன் வந்து என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டான். ஆறடிப் பையன், குனியத்தான் வேண்டியிருந்தது.

அவனுக்கு எண்ணைப் பார்த்துத் தெரிந்தது. எனக்கு அதற்கு முன்பே தெரிந்துவிட்டது. போட்டோவின் ஓரத்தில் சாக்குக்கட்டியோடு உன் கட்டைவிரல் இருக்கிறது. இன்ஜின் விசிறியில் மாட்டி நகம் பிளந்துபோன அதே விரல். அதற்குக் கட்டுப் போட்டவள் நான்.

இன்ஜின் வந்து சேர்ந்தது. கொட்டகையில் ராய்ஸ் நெடுநேரம் அதைச் சுற்றிச் சுற்றி வந்தான். ஏற்றும்போது சங்கிலியைப் பிடித்தது அவன்தான். நீ தூக்கிப்போன நாள் அவன் சின்னப் பையனாக ஒரு ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தானாம், இப்போதுதான் சொல்கிறான். எனக்குத் தெரியாது.

ஹேவர்காம்ப் வீட்டுக்கே வந்தார். லென்ஸ் வைத்துப் பார்த்தார். "ஃபாக்டரி மெஷின் போட்ட கீறல் எண்ணுக்கு நடுவுல அப்படியே ஓடுது. ஒருத்தரும் கை வைக்கல. இப்படி ஒண்ண நான் பார்த்ததே இல்ல," என்றார். தொப்பியை எடுத்துவிட்டு, "அம்மா, நான் அன்னைக்குப் பேசினது தப்பு" என்றார்.

"எனக்குத் தெரியும். எம் பேரன்கிட்ட சொல்லுங்க," என்றேன். சொன்னார். பிறகு பிளாக்பெர்ரி பழம் போட்டுச் சுட்ட காப்ளர் ஒரு கிண்ணம் கொடுத்தேன், மனுஷன் இன்னொரு கிண்ணமும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

கிளப்பில் பாதிப் பேர் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லையாம். ஃபாக்டரியில் எவனோ விளையாட்டுக்குப் போட்ட ஒரே கார் என்கிறார்களாம். பேசட்டும். கெண்டல் என்னிடம் மறுபடி பழைய மாதிரி வாயடிக்கிறான், அது போதும்.

நேற்று ராய்ஸ் கார் கழுவிக்கொண்டே கேட்டான்: "அந்தாளு இன்னும் நெடுஞ்சாலையில வண்டி ஓட்டுவாராமா?" நான் ஏன் என்று கேட்கவில்லை. சக்கரத்துக்குத் தண்ணீர் அடித்துவிட்டு அவனே, "நவம்பர்ல நன்றி சொல்ற நாளுக்கு வான்கோழி பெருசாத்தான் வாங்குவோம், எப்பவும் மிச்சமாவுது" என்றான். கதவைச் சாத்துகிறவன் இப்படிப் பேசமாட்டான். உனக்குக் காது கேட்காது என்பதால் எழுத்திலேயே போடுகிறேன்.

ஒரு காரியம் செய். மார்லி உன் பழைய போட்டோவை வைத்துக்கொண்டு, "பாட்டி, தாத்தாவுக்கு மூஞ்சி உண்டா?" என்று கேட்கிறாள். எங்களிடம் இருப்பது ஒரு பின்புறமும் ஒரு கட்டைவிரலும்தான். நன்றி சொல்லும் நாளில் நீ வந்து கதவைத் தட்டும்போது அவள்தான் ஓடிப்போய்த் திறப்பாள். யார் என்று அவள் கேட்டுவிடக் கூடாது. ஓட்டிஸைக் கூப்பிட்டு, வெளிச்சத்தில் நின்று, தொப்பியைக் கழற்றிவிட்டு, முன்னால் பார்த்து ஒரு புதுப் போட்டோ எடுத்து இந்த வாரமே தபாலில் போடு.

ஆர்லீனா